மரண தேவதைக்கு என் அப்பா சொன்ன பூர்வீகம்

நண்பர்களை வீட்டுக்கு அழைப்பதற்கு முன்னால் அப்பாவை வெளியூருக்கு அனுப்பிவிட வேண்டும். இந்த உண்மை எனக்கு இருபத்தாறாவது வயதில் தெரிந்தது. ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்திருந்தால், இன்றைக்கு ஒரு மரண தேவதையைப் படைத்த பெருமை என்னுடையதாக இருந்திருக்கும். எட்டு வருடமாகியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அடங்க வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது புனேயின் மகர்பட்டாவில் ஓர் ஐ.டி. கம்பெனியில் வேலை. கூட வேலை செய்த ஐந்து பேரும் நானும் ஞாயிறுதோறும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நாங்களே உண்டாக்கிய கற்பனை உலகத்தில் விளையாடுவோம். ஒருவர் கதையை நடத்துவார். அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம்: வீரன், திருடன், மந்திரவாதி. கத்தி பாயுமா, கதவு திறக்குமா என்பதைப் பகடை சொல்லும். (அம்மா எங்களுக்கு வைத்த பெயர் 'தாயம் உருட்டுற கம்பெனி'.)

கேம் மாஸ்டர் சமீருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. நாற்காலி காலி. எங்கள் உலகத்தில் மழைக்கு, போருக்கு, பூட்டுக்குக்கூட தெய்வம் இருந்தது. சாவுக்கு மட்டும் இல்லை. நல்ல மரண தேவதை ஒருத்தியை, அவள் பிறந்த கதையோடு யார் எழுதிக் கொண்டுவருகிறார்களோ அவர்களுக்கே நாற்காலி என்று சமீர் அறிவித்தான்.

அந்த நாற்காலி எனக்கு வேண்டும். ஆபீசில் நான் சொல்லும் யோசனையை இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருப்பவன் திருப்பிச் சொன்ன பிறகுதான் மானேஜர் தலையாட்டுவார். ஓர் இடத்திலாவது நான் சொல்ல, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். மூன்று மாதம் எழுதினேன். நாற்பத்தொரு பக்கம். தேவியின் பெயர் நெஸ்'ராவா. (பெயரின் நடுவில் ஒரு மேற்கோள் குறி தொங்கினால்தான் அது வேற்றுலகப் பெயர் என்று நம்பிய காலம் அது.)

விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டு ஹாலில்தான் பெரிய மேஜை. மாலை நான்கு மணி வெயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். கறுப்பு துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேன். அப்பா மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ராணுவ ஆவண அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இறந்துபோன சிப்பாய்களின் குடும்பங்களுக்குக் காகிதம் தயார் செய்வதே அவருக்கு ஆயுள் முழுக்க வேலை. இது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"காலம் பிறப்பதற்கு முன்பு, ஒளியிழந்த விண்மீன் ஒன்று சிந்திய ஏழாவது கண்ணீர்த் துளியிலிருந்து..." என்று ஆரம்பித்தேன். ஒன்பதாம் பக்கம், தேவி தன் வெள்ளி வாளை உயர்த்தி முதல் மனிதனைச் சாய்க்கும் உச்சகட்டம். பேப்பர் கீழே இறங்கியது.

"அந்த மனுஷன் செத்துட்டான்னு யாரு சொன்னா?" என்று அப்பா இந்தியில் கேட்டார்.

"நான்தாம்ப்பா சொல்றேன். நான்தானே எழுதினேன்."

"அது சரி. அதுக்கு முன்ன ஒருத்தனும் செத்ததில்ல. அப்ப அவன் வீட்டுல உள்ளவங்களுக்கு எப்படித் தெரியும்? தூங்குதான்னுதான நெனப்பாங்க?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு பத்தாம் பக்கத்தைத் திருப்பினேன். ஆனால் அதுவரை சாய்ந்து கிடந்த சமீர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"அங்கிள் கேக்கறது ரொம்ப நல்ல கேள்வி" என்றான். துரோகி. என் விண்மீனின் கண்ணீருக்கு அவன் கண் இமைக்கக்கூட இல்லை.

அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜைக்கே வந்துவிட்டார். சாதாராவிலிருந்து மாதாமாதம் அவர் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். கணவன் மலையில் காணாமல் போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை, காகிதம் வரவில்லை. "நெத்தியில பொட்டு வைக்கலாமா, கூடாதா, அதை மட்டும் சொல்லுங்க சாப்ன்னு கேப்பா. வாசப் பெஞ்சுல அவ பக்கத்துல போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவேன். வேற என்ன செய்ய?"

கறுப்பு துப்பட்டாவைக் கண்வரை இழுத்து விட்டுக்கொண்டேன். (அது வேறு கோபம். என் மேஜையில், என் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், என்னையே அழவைப்பது எந்த ஊர் நியாயம்?)

பிறகு அவர் பாட்டுக்கு மரண தேவதையைப் பெற்றெடுத்தார். உலகத்தில் முதலில் செத்தவள் அவள்தானாம். சாவு என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாததால், கூட்டிப் போகவும் ஆள் இல்லையாம். தன் வீட்டு வாசலிலேயே தனியாக உட்கார்ந்திருந்தாளாம். இனி ஒருத்தரும் இப்படித் தனியாக உட்காரக் கூடாது என்று, அடுத்து செத்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாளாம். விண்மீன் இல்லை, வாள் இல்லை. மூன்று நிமிடம்.

எங்கள் குழுவின் திருடியான கேதகி, புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். அவர்கள் வழக்கத்தில் பத்தாம் நாள் பிண்டம் வைத்தால் காக்கா வந்து தொட வேண்டும். வராவிட்டால் செத்தவருக்கு ஏதோ ஆசை மிச்சம் என்று அர்த்தம். சொந்தக்காரர்கள் கைகூப்பி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

"எங்க பெரியப்பாவுக்கு ரெண்டு மணி நேரம் காக்கா வரலை. கடைசியில 'உங்க ஸ்கூட்டரை விக்க மாட்டோம்'னு அண்ணன் சொன்னான். உடனே வந்துது."

அப்பா தொடையில் தட்டினார். "அதேதான். செத்தவனோட ஆசையைக் கூட இருந்தவங்க கண்டுபிடிக்கணும். அதுவரை தேவி எந்திரிக்க மாட்டா."

ஓட்டெடுப்பு நடந்தது. என் ஐந்து நண்பர்களும் அப்பாவுக்குக் கை தூக்கினார்கள். ஆட்டத்திலேயே இல்லாத அம்மா, சமையலறை வாசலில் நின்றுகொண்டு கரண்டியோடு கை தூக்கினாள். நெஸ்'ராவா ஒன்பதாம் பக்கத்தோடு காலமானாள். அப்பாவோ கொஞ்சமும் கூச்சமில்லாமல், "ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு மேலன்னா தோதுப்படும்" என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பா கதை நடத்தினார். என் வீராங்கனை மூன்றாவது உருட்டிலேயே சதுப்பு நிலத்தில் செத்துப்போனாள். (பெற்ற மகளை முதல் ஆட்டத்திலேயே கொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?) தேவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் என் ஆசையைத் தேட ஆரம்பித்தார்கள். பழிக்குப் பழியா? புதையலா? இழந்த ராஜ்ஜியமா? இல்லை, இல்லை, இல்லை என்றேன்.

கேதகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைகூப்பினாள். "உன் கதையில மீதி முப்பத்திரண்டு பக்கத்தையும் நாங்க கேக்கறோம்" என்றாள். ஐந்து பேரும் கைகூப்பினார்கள்.

அதுதான் என் ஆசை. அதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் தோற்றவளுக்கு இரக்கப்பட்டுக் கேட்கிறோம் என்கிறார்களே, அதை எந்த முகத்தோடு ஒப்புக்கொள்வது?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன்.

அப்பா பகடையை மேஜையில் வைத்தார். "அப்ப அவ எந்திரிக்க மாட்டா" என்றார்.

விதி விதிதான். தேவி வந்து பக்கத்தில் உட்காராமல் சாவு கிடையாது, இருப்பதோ ஒரே தேவி. அவள் என் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டதால் அந்த உலகத்தில் அதற்குப் பிறகு யாராலும் சாக முடியவில்லை. சமீர் ஜெர்மனியிலிருந்து வீடியோவில் வந்து வாராவாரம் மலையிலிருந்து குதிக்கிறான். கேதகியின் திருடியைத் தலை வேறு உடல் வேறாக வெட்டிப்போட்டார்கள். தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருடப் போகிறாள்.

நான் கல்யாணமாகி, புனேக்கு வெளியே சாகண் என்ற ஊருக்கு வந்துவிட்டேன். அந்த மேஜைக்கு அதன்பிறகு போகவே இல்லை. அப்பா ஞாயிறு தவறாமல் போன் செய்கிறார். நேற்றும் செய்தார்.

"எட்டு வருஷமா ஒரே இடத்துல உக்காந்திருக்கா. பாவம், காலு மரத்திருக்கும். ஒரு வார்த்த ஒத்துக்கிட்டா என்ன தாயி?"

"எனக்கு எந்த ஆசையும் இல்லப்பா" என்றேன்.

பின்னாலிருந்து அம்மா, "என்ன சொல்லுதா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"இன்னைக்கும் ஒருத்தரும் சாக முடியாதாம்" என்றார் அப்பா.