பதினேழு பச்சை ஜெல்லிகள்

அன்புத் தங்கை அர்லிசுக்கு,

அண்ணன் வெர்லின் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் நலம். ஏரி இன்னும் உருகவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை டுவேனும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நீ மூன்று வாரமாகத் தொலைபேசியை எடுக்காததால் நம்ப மட்டும்தான் முடிகிறது.

உன் நாற்பதாவது திருமண நாள் விருந்துக்கு, வீட்டுக்கொரு பதார்த்தம் என்று எல்லோரையும் கூப்பிட்டுப் பேசியவன் நான். ஒவ்வொருவரும் "கொண்டு வர்றோம்" என்றார்கள். எதை? அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் மினசோட்டாவில் வாக்கியத்தில் பாதியை விழுங்கி ஆங்கிலம் பேசும் லட்சணம் உனக்குத் தெரியாததா? எதை என்று சொன்னால் பீற்றல், எதை என்று கேட்டால் அடுத்தவன் பாத்திரத்தைத் திறந்து பார்த்த மாதிரி. பட்டியலில் இருந்த பதினேழு பெயருக்கும் நேரே ஒவ்வொரு கோடு போட்டு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இறைச்சியும் உருளைக்கிழங்குமாகச் சூடான ஹாட்டிஷ் யாராவது கொண்டு வருவார்கள், நாம் சின்னதாக ஏதாவது செய்வோம் என்று பதினேழு வீட்டிலும் அடக்கமாக நினைத்திருக்கிறார்கள். தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில், கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி பதினேழு தட்டில் ஆடிக்கொண்டு நின்றது. போதகர் அதற்கும் ஜெபம் செய்தார். சிகாகோவிலிருந்து எட்டு மணி நேரம் கார் ஓட்டி வந்த உன் கொழுந்தனார் ஒரு கரண்டி வாயில் போட்டு, "வித்தியாசமா இருக்கு" என்றார். நம்மூரில் அதைவிடப் பெரிய வசை கிடையாது.

நீ சமையலறையில் சமையல் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். நான் வந்து, "வருத்தப்படுறேன்" என்றேன்.

"எதுக்கு வருத்தப்படுற? ஒரு தடவையாவது முழுசாச் சொல்லேன் அண்ணா!"

"சரி, அப்ப நான் கிளம்புறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியும் விட்டேன். அதுதான் நெஞ்சை அறுக்கிறது, அர்லிஸ். ஜெல்லியைவிட அதுதான். அம்மா கடைசி நாளில் என் கையைப் பிடித்தபோதும் "நேசிக்கிறேன்" என்று மட்டும் முனகினேன். யாரை என்று அவளே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

ஆகவே முழுதாகச் சொல்கிறேன். உன் விருந்தைக் கெடுத்ததற்கு வருந்துகிறேன். நீ அழும்போது உன்னைத் தனியே விட்டுப் போனதற்கு வருந்துகிறேன். அந்தப் பதினேழில் ஒரு பெயரும் ஒரு ஜெல்லியும் என்னுடையவை, அதற்கும்தான். அப்பா அம்மாவுக்குப் பிறகு எனக்கென்று இருப்பவள் நீ ஒருத்தி. உன்னை நேசிக்கிறேன்.

உங்கள் வீட்டுக் குழாய்கள் இந்தப் பனியிலும் உறையாமல் ஆண்டவர் காக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் வெர்லின்

பி.கு.: திரும்பப் படித்துப் பார்த்தேன். கூச்சமாகப் போய்விட்டது, மாப்பிள்ளையும் படிப்பார் அல்லவா. மேலே கடைசியில் இருந்த 'உன்னை'யை மட்டும் மெல்லியதாக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டேன், மீதி உனக்கே புரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன். சமைக்காதே. நான் கொண்டு வருகிறேன்.