நகராத சீட்

என் சீட்டை நகர்த்தியவர்களை நான் மன்னிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இந்த ஆள் இப்படிக் குதிக்கிறான் என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது.

நான் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். பெட்டிகளைத் தூக்கி உயரத்தில் அடுக்குகிற வண்டி. வண்டி ஒன்று, ஆள் இரண்டு. பகலில் நான், ராத்திரியில் ஒரு நெட்டையன். காலையில் நான் ஏறி உட்கார்ந்தால் கால் பிரேக்குக்கு எட்டாது. சீட்டைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுப் போயிருப்பான்.

"இறங்கும்போது பழையபடி வெச்சுட்டுப் போயேன்யா" என்று கெஞ்சியிருக்கிறேன்.

"உனக்கு எங்கே இருக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பான்.

வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை இதே கதைதான். போன வருடம் அவன் செத்துப்போனதாகச் சொன்னார்கள். பாவம், போகட்டும். மன்னிப்பு மட்டும் கிடையாது.

ஓய்வு பெற்றதும் பழைய கார் ஒன்று வாங்கினேன். உங்களுக்கு எதற்குக் கார் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு வேண்டியது கார் அல்ல, ஒரு சீட். நான் வைத்த இடத்திலேயே இருக்கிற சீட். வீட்டில் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதை என் மனைவி முடிவு செய்வாள். டிவி சத்தம் அவள் கையில். ஜன்னல் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதும் அவள் கையில். நான் தூங்குகிற பக்கத்தைக்கூட அவள்தான் ஒதுக்கினாள். உலகத்தில் எனக்கென்று ஒரு சின்ன இடம், ஸ்டீயரிங்குக்குப் பின்னால். அதற்கு அடியில் ஒரு கைப்பிடி. அதைத் தூக்கினால் சீட் முன்னும் பின்னும் போகும். வாங்கிய அன்று ஒரே ஒரு முறை தூக்கினேன். சரியான இடத்தில் வைத்தேன். அத்தோடு அந்தக் கைப்பிடிக்கு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

காரில் முதன்முதலாகப் போனது மனைவியின் அக்கா வீட்டுக்கு. வாசலில் திருப்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது. மறுபடியும் நின்றது. என் சகலை கேட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான். "என்ன சகலை, கார் வாங்கினேன்னு சொன்னீங்க, டப்பாவைக் கொண்டுவந்திருக்கீங்க? தள்ளி விடட்டுமா?"

அன்றைக்கே சொல்லிவிட்டேன். இந்தக் கார் இனி அந்தத் தெருவுக்குள் போகாது. போகவும் இல்லை.

இப்படி இருக்கையில் அந்த அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள்.

"என்னங்க, அக்காவுக்குக் கட்டுப் பிரிச்சுட்டாங்க. தினம் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் நடக்கிறதுக்குப் பயிற்சி எடுக்கணுமாம். இல்லாட்டி கால் அப்படியே மடங்காமப் போயிடுமாம்."

"எடுக்கட்டும்."

"அத்தானுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு. ஓட்டக் கூடாதுங்கறாங்க. நம்ம கார்ல கொண்டுபோய் விட்டா..."

கண் ஆபரேஷனாம்! என் காரைப் பார்த்துச் சிரித்த அதே கண்.

"நம்ம கிட்ட ஏது கார்? டப்பாதானே இருக்கு."

"அது நடந்து எத்தனை வருஷம் ஆச்சு!"

"டப்பா துருப்பிடிக்கும். நான் சொன்ன சொல் துருப்பிடிக்காது."

"அப்ப எனக்கு ஓட்டக் கத்துக் கொடுங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

"சீட்டை நகர்த்தணுமே."

"ஓட்டிட்டு வந்து இருந்த இடத்துல வெச்சுடறேன்."

"எங்கே இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நெட்டையனின் வசனம் என் வாயில் வந்துவிட்டது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினேன். "இதோ பாரு. ஒரு சீட்டுக்கு ஒரே ஆள். அவன் வெச்ச இடத்துல அது இருக்கணும். இன்னொருத்தர் நகர்த்தக் கூடாது. அதான் சட்டம்."

"சரிங்க" என்றாள்.

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் 'சரிங்க' என்று சொல்லி நான் பிழைத்ததே கிடையாது. அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை.

சில வாரங்கள் அக்கா பேச்சே வீட்டில் எழவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் காலையில் காரில் ஏறினேன். முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. வயிறு ஹாரனை அழுத்தியது. தெரு நாய்கள் எழுந்து ஓடின.

"அடியே! என் சீட்டை யாரு முன்னாடி தள்ளினது?"

அவள் வெளியே வந்தாள். எதிர்வீட்டு நர்ஸும் கேட்டுக்கு வந்தாள். நர்ஸ் சொந்தமாகக் கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவள். தெருவில் எந்தச் சத்தம் கேட்டாலும் வந்து நிற்பாள்.

மனைவி என்னைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள். "சீட் முன்னாடி வரலைங்க. நீங்க முன்னாடி வந்திருக்கீங்க."

"என்ன?"

"தொப்பை."

"ஒரே ராத்திரியிலயா?"

"நமக்குத் தெரியறது ஒரு நாள்தான் அண்ணே. அது வர்றது கொஞ்சம் கொஞ்சமா வரும்" என்றாள் நர்ஸ். "நானே சொல்லணும்னு இருந்தேன். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் வேகமா நடங்க. நடுவுல நிக்கக் கூடாது. திரும்பி வந்துடவும் கூடாது."

படித்தவள் சொல்கிறாள். என்ன செய்வது? சாப்பாடு பாதியானது. டீயில் சர்க்கரை நின்றது. சாயங்காலம் ஆனால் மனைவி என் செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிடுவாள். அவள் என் செருப்பைத் தொட்டது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை. பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

நடந்தேன். இளைத்தேன். இடுப்பு பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். ஆனாலும் சில நாட்களில் முட்டி இடித்துக்கொண்டுதான் இருந்தது.

"தொப்பை குறைஞ்சுடுச்சே, இன்னும் ஏன் இடிக்குது?"

"முட்டி வீங்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் நடங்க."

கண்ணாடியும் மாறியது. உள்ளே இருக்கிற பின்பக்கக் கண்ணாடியில் சாலை தெரிய வேண்டும். எனக்குப் பின் சீட் தெரிந்தது.

"ஏய், கண்ணாடியில வெறும் பின் சீட்டுதான் தெரியுது!"

"யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லை."

"அதைத்தான் நானும் இத்தனை வருஷமா பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். அது மறுபடியும் இறங்கியது. பழைய வண்டி, மூட்டு தளர்ந்திருக்கும், என் கழுத்தைப் போல என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இதற்கிடையில் காரில் சில அதிசயங்கள் நடந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் காரைத் திறந்து வைத்துப் பார்ப்பது வழக்கம். மூடியைத் தூக்கி, குச்சியை உருவி, துடைத்து, விட்டு, மறுபடி உருவி எஞ்சின் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பேன். தெரு முழுக்கப் பார்க்கும்படி பார்ப்பேன். எப்போதும் குறைகிற ஆயில் இப்போது குறையவே இல்லை. வைப்பர் தண்ணீர் நிரம்பி நின்றது. பெட்ரோல் முள் போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது. சீட் நகருகிற தண்டவாளம் இறுகிக் கிடக்கும், அதில் விரல் வைத்தால் வெண்ணெயாக வழுக்கியது.

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டு வகுப்பெடுத்தேன்.

"கார் வெச்சிருந்தா மட்டும் போதாதும்மா. அதுக்கு ஒரு கை வேணும். என் கை பட்டா வண்டி பெட்ரோலே கேட்காது."

"அப்படியா அண்ணே?"

"ஆயில் குடிக்காது."

"அப்படியா அண்ணே?"

"பொம்பளைங்க ஓட்டினா வராது இதெல்லாம்."

"அதுவும் சரிதான் அண்ணே" என்று வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். இருமல் என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் டயருக்குக் காற்றடிக்கப் பெட்ரோல் பங்க்குக்குப் போனேன். காற்றடிக்கிறவர் குழாயைச் செருகிப் பார்த்துவிட்டு உருவிக்கொண்டார்.

"நாலும் சரியா இருக்கு. நேத்து சாயங்காலம்தானே அடிச்சேன்."

"நேத்தா? நான் வரவே இல்லையே."

"நீங்க வரலை. அம்மா வந்தாங்க. பின்னாடி கால் முடியாத ஒரு அம்மாவும், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவரும் இருந்தாங்க. அம்மா ரொம்ப சுத்தம். ஸ்டெப்னிக்கும் சேர்த்து அடிக்கச் சொல்லுவாங்க." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க டிரைவரா? புதுசா சேர்ந்திருக்கீங்களா?"

எனக்கு ஸ்டீயரிங் சுற்றவில்லை, தலை சுற்றியது. என் காரில், என் பெட்ரோலில், இல்லை, அவள் பெட்ரோலில், அந்தச் சகலை! நான் வேர்க்க வேர்க்க நடந்த நேரத்தில் அவன் உட்கார்ந்து போயிருக்கிறான். எனக்குத் தொப்பை என்று சொன்ன நர்ஸ்தான் தன் காரில் வைத்து இவளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்திருப்பாள். என் பாதிச் சாப்பாடு! என் சர்க்கரை!

வீட்டுக்குப் போய்க் கத்தியிருக்கலாம். கத்தினால் அழுவாள், அழுதால் நான் இறங்கிவிடுவேன். கேட்கவே கூடாது, செய்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். கிடங்கில் அந்த நெட்டையனுக்குச் செய்யத் துணியாததை இப்போது செய்வேன்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் கார் சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்தேன். சீட்டை என் இடத்தில் வைத்தேன். தண்டவாளத்தில் உள்ள ஓட்டையில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு போல்ட்டைச் செருகி, ஸ்பேனரால் மூச்சு முட்ட முறுக்கினேன். நகர்த்துகிற கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் கால் இனி கிளட்சுக்கு எட்டாது. ஸ்டீயரிங்கைப் பிடிக்கலாம், கோயில் தேர் மாதிரி வேடிக்கை பார்க்கலாம், ஓட்ட முடியாது.

சாயங்காலம் அவள் எடுத்து வைக்கும் முன்பே நானே செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"என்னங்க, இன்னிக்கு உற்சாகமா கிளம்பிட்டீங்க?"

"உடம்பு லேசா இருக்கு" என்றேன். பையில் கைப்பிடி கனத்தது.

பெரிய சாலையில் கை வீசி நடந்தேன். தன் வீட்டு வாசலில் சகலை காத்திருந்து காத்திருந்து நொண்டுவதைக் கற்பனை செய்தேன். அவனுக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கற்பனையில் நொண்ட வைத்தேன்.

பின்னால் ஹாரன் அடித்தது. என் கார் ஹாரன். என் வயிறு பட்டுப் பட்டு எனக்கு மனப்பாடமான ஹாரன்.

திரும்பினேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து அவள் வந்துகொண்டிருந்தாள். எஞ்சின் நிற்கவும் இல்லை, இருமவும் இல்லை. பின் சீட்டில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு சகலை. ஜன்னலை இறக்கி அன்போடு கையாட்டினான். "சகலை! வண்டி தேர் மாதிரி போகுது! நல்லா வெச்சிருக்கீங்க!"

மனைவி வேகத்தைக் குறைத்தாள்.

"ஓரமா நடங்க. லாரி வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று நான் ஒரு மணி நேரம் நடக்கவில்லை, ஓடினேன். வீட்டுக்கு வந்தபோது அவள் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போல்ட்டை எப்படிக் கழட்டினே?"

"நீங்க முறுக்கின ஸ்பேனராலதான். மாட்டின இடத்துக்குப் பக்கத்துலயே விட்டுட்டுப் போயிருந்தீங்க."

"கைப்பிடி என் பையில இருக்கே!"

"கைப்பிடி எதுக்கு? உள்ளே ஒரு கம்பி இருக்கு, குறடால இழுத்தா சீட் நகரும். தண்டவாளத்துக்கு வாராவாரம் கிரீஸ் போடறது நான்தானே, எனக்குத் தெரியாதா? நீங்க வாஷரே போடாம முறுக்கியிருந்தீங்க. நான் வாஷர் போட்டு முறுக்கிட்டேன்."

"முறுக்கிட்டியா? எந்த இடத்துல?"

"நான் உட்கார்ற இடத்துல."

"கழட்டுடி!"

"எப்படிங்க கழட்டறது?" என்றாள் மரியாதையாக. "ஒரு சீட்டுக்கு ஒரே ஆள். அவங்க வெச்ச இடத்துல அது இருக்கணும், இன்னொருத்தர் நகர்த்தக் கூடாது. நீங்க போட்ட சட்டம். நான் மீறுவேனா?"

"நானே கழட்டிக்கறேன். ஸ்பேனர் எங்கே?"

"நர்ஸ் கேட்டா, கொடுத்துட்டேன்."

எதிர்வீட்டுக் கேட்டில் நர்ஸ் நின்றிருந்தாள். அவளுக்கு மறுபடியும் இருமல் வந்தது.

கடையில் வேறு ஸ்பேனர் கிடைக்கும். எனக்கும் தெரியும். வாங்கப் போனேன். கடைவாசல் வரை போனேன். போகிற வழியில், காரைத் துடைத்து முடித்தபோது அவள் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. அக்கா போன வாரம் கைத்தடி இல்லாமல் ஏழெட்டு அடி நடந்தாளாம். அதைச் சொல்லும்போது என் மனைவி ஸ்பேனரைப் பற்றிச் சொன்னதுபோல் கேலியாகச் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சகலையை மன்னிக்கவில்லை. அக்காவிடம் எனக்குச் சண்டை கிடையாது. கடை மூடியிருந்தது என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். திறந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு என்றாள். வராவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்றும் சொன்னாள். கிளம்பினேன். அவள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரி செய்தாள். முன்பக்கம் இன்னொரு சீட் இருந்தது. அதில் நர்ஸ் இருந்தாள்.

"நான் எங்கே உட்கார்றது?"

அவள் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாள்.

"நகராத சீட்டுதானே கேட்டீங்க? பின்னாடி ஏறுங்க. அதுக்குக் கைப்பிடியே கிடையாது."