வால்டெமிர் மாஸ்டருக்கு நான் லைசென்ஸ் வாங்கித் தந்த வரலாறு

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். பாதி உண்மை. சக்கரத்தை ஓட்டுகிறவன் யார், எங்கே குடியிருக்கிறான், எந்த மாடியில் தூங்குகிறான் என்பதற்கெல்லாம் சான்று கேட்கத் தோன்றிய நாளில்தான் மனிதன் உண்மையிலேயே நாகரிகம் அடைந்தான். முத்து ஆற்றின் கழிமுகத்தில், செருப்புத் தொழிலுக்குப் பேர்போன எங்கள் ஊரில், அந்த நாகரிகத்தின் காவலனாக நான் பணியாற்றுகிறேன். பெயர் லியாங் ஹாய்போ. பதவி, ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தின் ‘வெளிநாட்டவர் விவகார அலுவலர்’. எங்களிடம் இருக்கும் வெளிநாட்டவர் மொத்தம் ஒருவர்.

அவர் வால்டெமிர் மாஸ்டர். பிரேசில்காரர். செருப்பை முகர்ந்து பார்த்தே பசை எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் மொழியைப் பட்டறையில் கற்றதால் வசவுகளைச் சுத்தமாகவும் மற்றதைச் சுமாராகவும் பேசுவார். சொந்த ஊரில் இருபத்தேழு வருடம் கார் ஓட்டியவர். இங்கே பஸ்ஸில் போகிறவர்.

மார்ச் முதல் வாரம் மேலாளர் ஓவ்யாங் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“மாஸ்டர், புதுசா மூணு பட்டறை எடுத்திருக்கோம். மூணும் மூணு மூலையில. நீங்களே ஓட்டிட்டுப் போய் சரக்கப் பாக்கணும். மாசக் கடைசிக்குள்ள இந்த ஊர் லைசென்ஸ் வாங்கிட்டீங்கன்னா ஒப்பந்தத்த நீட்டிடறேன். இல்லன்னா தலைமையகம் வேற ஆளப் பாக்கச் சொல்லுது.”

ஒப்பந்தம் இல்லையென்றால் வேலை அனுமதி இல்லை. அது இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லையென்றால் மாஸ்டருக்கு விமானம், கூடவே அவர் மகள் லுவானாவுக்கும். அவளுக்கு ஜூனில் பள்ளி இறுதித் தேர்வு.

“கவலையே படாதீங்க மாஸ்டர், நான் இருக்கேன்” என்றேன்.

“அதான் பயமா இருக்கு” என்றார்.

அவருக்கு என் நீலக் கோப்பைப் பற்றித் தெரியாது. பதினோரு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் மூன்று நகல்கள். மாஸ்டர் சின்ன வயதில் போட்டுக்கொண்ட அம்மை ஊசிக்குக்கூட அதில் சான்று உண்டு. கேட்ட பிறகு கொடுப்பவன் குமாஸ்தா. கேட்கும் முன்பே கொடுப்பவன் அலுவலர்.

வாகன அலுவலகத்தில் ஆறாம் எண் ஜன்னல். முழங்கைவரை பூப்போட்ட கையுறை மாட்டிய ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். கோப்பை அப்படியே உள்ளே தள்ளினேன். அவர் பொறுமையாகப் புரட்டினார்.

“தம்பி, போலீஸ் குடுத்த குடியிருப்புச் சீட்டுல பன்னண்டாவது மாடின்னு இருக்கு. வாடகை ஒப்பந்தத்துல பதினஞ்சுன்னு இருக்கு. இவரு எந்த மாடியிலதான் இருக்காரு?”

“ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. லிப்டுல நாலு கிடையாது, பதினாலும் கிடையாது. நம்ம பேச்சுல சாவுன்னு காதுல விழற நம்பர்ல யாரு குடியிருப்பா? பதிமூணு வெள்ளைக்காரங்களுக்கு ஆகாதுன்னு அதையும் தூக்கிட்டாங்க. போலீஸ் தரையிலேருந்து எண்ணுது, வீட்டுக்காரரு லிப்டப் பாத்து எண்ணுறாரு.”

“எங்க வீட்லயும் அப்படித்தான்” என்றார் அக்கா, மிகுந்த அனுதாபத்துடன். “ஆனா பேப்பருக்கு அது தெரியாதே. ரெண்டும் ஒரே மாடின்னு எழுதி வாங்கிட்டு வாங்க.”

என்ன ஒரு நுட்பம்! உடல் சிலிர்த்தது. மாஸ்டருக்கு வேறு காரணத்தால் சிலிர்த்தது.

அடுத்த வாரம் வட்டாரக் காவலர் ஒருவர் எங்களோடு வந்து, லிப்டைப் புறக்கணித்து, ஒவ்வொரு மாடியாக உரக்க எண்ணியபடி படியேறினார். மாஸ்டரின் கதவருகே சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். “பன்னண்டு. எழுதிக்கோ” என்றார். உலகின் எந்த அரசாங்கம் ஒரு செருப்புக்காரருக்காகப் படியேறும்? ‘இரு மாடிகளும் ஒரே மாடியே’ என்ற சிவப்பு முத்திரைச் சான்றோடு மறுபடி ஆறாம் ஜன்னலுக்குப் போனோம்.

அக்காவுக்குப் பரம திருப்தி. பிறகு ஏழாம் பிரிவுக்கு வந்தார். மாஸ்டரின் பெருமைகளை விளக்கி நிறுவனத்தின் பெயரில் நானே எழுதிய கடிதம் அது. முழு உண்மையையும் எழுதியிருந்தேன்.

“ஒப்பந்தம் முப்பத்தொண்ணாம் தேதி முடியுதுன்னு போட்டிருக்கே. அப்புறம் இவருக்கு லைசென்ஸ் எதுக்கு?”

“லைசென்ஸ் இருந்தாத்தான் நீட்டிப்பாங்க அக்கா.”

“அப்ப நீட்டிச்ச ஒப்பந்தத்தக் கொண்டாங்க.”

“லைசென்ஸக் காட்டு, நீட்டிக்கிறேன்” என்றார் ஓவ்யாங் மேடம்.

இரண்டு பெண்மணிகளின் கொள்கை உறுதிக்கும் நடுவே ஐந்து நாள் பஸ்ஸில் போய்வந்தோம். வழியெல்லாம் மாஸ்டர் லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வுக்குப் படித்தார்.

“விபத்துல ஒருத்தன் குடல் வெளிய வந்துட்டா என்ன செய்யணும்?”

“உள்ள தள்ளக் கூடாது மாஸ்டர். சுத்தமான கிண்ணத்தக் கவுத்து மூடணும்.”

“எனக்கொரு கிண்ணம் வாங்கிக் குடு, லியாங்.”

கடைசியில் நான்தான் வழி கண்டேன். ‘லைசென்ஸ் கிடைக்கும் பட்சத்தில் ஒப்பந்தம் நீட்டிக்கப்படும்’ என்று தலைமையகத்தின் உறுதிமொழிக் கடிதம். முப்பதாம் தேதி காலை ரயிலேறிப் போய் அதை வாங்கினேன். “நான் வர்ற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க” என்று மாஸ்டரிடம் சொல்லியிருந்தேன்.

மதியம் திரும்பி வந்தபோது நிறுவன வாசலில் ஹாரன் அடித்தது. எங்கள் சாமான் வண்டி. உள்ளே மாஸ்டர்.

“எப்படி மாஸ்டர்?”

“நீ இல்லாம போனேன். பாஸ்போர்ட், குடியிருப்புச் சீட்டு, பழைய லைசென்ஸ், அதுக்கு மொழிபெயர்ப்பு, டாக்டர் சீட்டு, போட்டோ. அந்தம்மா ‘உங்க தம்பி வரலியா’ன்னு கேட்டா. இல்லன்னேன். ‘அப்பாடா, உக்காருங்க’ன்னா. அங்கயே தேர்வு. தொண்ணுத்தஞ்சு மார்க். குடல் கேள்வி வந்துச்சு.”

“வாடகை ஒப்பந்தம்?”

“கேக்கல.”

“கம்பெனி கடிதம்?”

“கேக்கல.”

“பதினஞ்சாவது மாடி?”

“ஏறு, லியாங். உன்ன வீட்ல விடறேன்.”

“வீடு இருக்கட்டும். ஆறாம் ஜன்னலுக்கு விடுங்க.”

அக்கா என்னைப் பார்த்ததும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அதெல்லாம் வேணாம்னா ஏன்க்கா கேட்டீங்க?”

“நான் எங்க தம்பி கேட்டேன்? நீங்க குடுத்தீங்க. குடுத்ததப் படிக்காம விட்டா என் வேலை போயிடும். படிச்சா ஒண்ணுக்கொண்ணு உதைக்குது. உதைக்கிறதப் பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா? என்ன வேணும்னுதான் எழுதி மாட்டியிருக்கே!”

அவர் என் முதுகுப் பக்கம் கை காட்டினார். திரும்பினேன். சுவரில் பட்டியல், ஆறே ஆறு வரி, முழங்கை அளவு எழுத்தில். மூன்று வாரமாக நான் கோப்பைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நின்றது அதன்மேல்தான்.

மறுநாள் மாஸ்டரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. லுவானா இங்கேயே தேர்வு எழுதுவாள். என் ஆண்டறிக்கையில் ‘வெளிநாட்டு ஊழியர்கள் சந்திக்கும் தடைகள்’ என்றொரு கட்டம் இருக்கிறது. வருடா வருடம் அதில் அரசாங்கத்தைப் பற்றிப் பணிவாக இரண்டு பக்கம் எழுதுவேன். இந்த வருடம் உண்மையை எழுதி, மூன்று நகல் எடுத்து, கையெழுத்தும் போட்டேன்:

“அரசுத் தரப்பில் எதுவும் இல்லை. நிறுவனத் தரப்பில் ஒன்று உண்டு. அதற்கு ஒன்பது வருடமாக மாதச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்.”