ஹோம் பேஜாரு

சென்னைக்கு வரும் கப்பல்களையெல்லாம் ராயபுரத்தில் ஒரே கடை வாசலுக்குத் திருப்பிவிடுவது என்று 2001-ல் தீர்மானித்தேன். கடை லியாகத் அலி பாயுடையது. கப்பல்காரர்களுக்குக் கயிறு, பெயிண்ட், அரிசி, பருப்பு சப்ளை செய்பவர். அவருக்கு வெப்சைட் செய்து தருகிறேன் என்று நானாகப் போய் வாக்குக் கொடுத்திருந்தேன். அவருக்குப் பிடித்துவிட்டால் இதையே தொழிலாக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் எண்ணூர் ஃபாக்டரியில் ஆயுசுக்கும் ஷிப்ட்.

முகப்பில் ஒரு நங்கூரம் வைத்தேன். தங்க நிறம். அது சுற்றும். சுற்றி முடித்ததும் அலை அடிக்கும். அலை ஓய்ந்த பிறகுதான் கதவு திறக்கும். எனக்கே கண் கலங்கியது. மனைவி எழில்மொழியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இன்னாய்யா இது?"

"ஹோம் பேஜ்."

"பேஜாராத்தான் கீது. கயிறு எங்க?"

"இரு. மொதல்ல நங்கூரம் நிக்கணும்."

"நங்கூரம் போட்டா கப்பலே நின்னுடும். ஒன்னுது இன்னும் சுத்திகினு கீதே."

ஒருவழியாகக் கதவு திறந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அவர் விஷன். அவர் ஜர்னி. அவர் சொல்யூஷன்ஸ். எவரு?"

"அவர்னா இங்கிலீஷ்ல நம்மளோடதுன்னு அர்த்தம். கயிறு சொல்யூஷன்ஸ்ல கீது."

"கயிறு எப்பய்யா சொல்யூஷன் ஆச்சு?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. பாய் முன்னால் இவளையே உட்கார வைப்பது. கம்ப்யூட்டர் தெரியாத என் சம்சாரமே கயிற்றைக் கண்டுபிடித்துவிட்டாள் பாருங்கள் என்று அடித்துவிடுவது. எங்கே அழுத்த வேண்டும் என்று மனப்பாடம் செய்யவைத்தேன். அடக்கமாகக் கற்றுக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் அடக்கமாக எதையும் கேட்டுக்கொண்டதில்லை. நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

"நீ சொல்ற மாதிரியே செய்றேன். எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடு. சும்மா, வெளையாட்டுக்கு."

தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினாள். மேலே போன் நம்பர். கீழே பெரிய பெரிய கட்டங்கள்: கயிறு, பெயிண்ட், சாப்பாட்டு சாமான். அவ்வளவுதான்.

"நங்கூரம்?"

"கப்பல்லயே ஒண்ணு கீதுய்யா. கயிறு அறுந்துதான் அவன் வர்றான். அவனுக்குக் கயித்தக் காட்டு."

பெரிய மனசு பண்ணிச் செய்து கொடுத்து, நங்கூரம் இருந்த அதே ஃப்ளாப்பியில் போட்டேன்.

பாய் கடையில் நான் தொண்டையைச் செருமி, நங்கூரத்தின் தத்துவத்தை விளக்க ஆரம்பித்தேன். திரையில் நங்கூரம் இல்லை. கட்டங்கள் இருந்தன. எழில்மொழி தன்னுடையதைத் திறந்திருந்தாள். கயிற்றை அழுத்தினாள். தடிமன் வாரியாகக் கயிறுகள் வரிசைகட்டி நின்றன.

பாய் மெதுவாக அவளிடமிருந்து மவுஸை வாங்கினார். பெயிண்டை அழுத்தினார். வந்தது. அரிசியை அழுத்தினார். வந்தது.

"அட, யாரும் சொல்லாம நானே போய்ட்டு வர்றேனே" என்று சிரித்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அழகாக இருந்தது. கட்டிய எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கோபப்பட நினைத்தவன், வாய் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்டையார்பேட்டைல என் மச்சான் கடைக்கும் ஒண்ணு வேணும்மா. நீங்களே பண்ணிக் குடுங்க" என்றார் பாய். "டைப் அடிக்க ஆள் கீதா?"

எழில்மொழி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவரையே வெச்சிக்கலாம் பாய். சொன்னா செஞ்சிருவாரு."