பத்து வயதிலேயே நிற்குமாறு ஓர் உத்தரவு

விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் "களுக்". கொஞ்சம் விட்டு, "புஸ்ஸ்".

வீட்டுக்காரருக்கு மில்லில் நைட் ஷிப்ட். நான் சுபாவத்திலேயே பயந்தவள். பல்லி விழுந்தால் பயம். கரண்ட் போனால் பயம், வந்தாலும் பயம். சத்தமோ என் மகள் ஜோவிட்டாவின் அறையிலிருந்து வருகிறது. "புஸ்" என்றால் பாம்பு. "களுக்" என்றால் அது எதையோ விழுங்கிவிட்டது. விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு, மாதாவைக் கூப்பிட்டபடி கதவைத் தள்ளினேன்.

கட்டிலுக்கு அடியில் நான் வைத்த ஊறுகாய் ஜாடி. அதன் வாயில் கட்டியிருந்த துணி உப்புவதும் தாழ்வதுமாக இருந்தது.

"அம்மா, கதவைத் தட்டிட்டு வரணும்னு தெரியாதா?" என்றது கட்டிலின் மேலிருந்து ஒரு குரல்.

"உன் கதவை நான் எதுக்குடி தட்டணும்?"

"அதுக்குத்தான் உள்தாழ்ப்பாள் கேக்குறேன். நம்ம ஊர்ல இருந்து பூட்டு எங்கெங்கயோ போகுது. எனக்கு ஒரு தாழ்ப்பாள் கிடையாது."

பத்து வயசு. போன வருஷம் வரை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கியவள்.

ஜாடியில் இருந்தது இயற்கை ஆரஞ்சு ஒயின். பெங்களூரில் இருக்கும் என் தங்கை சொல்லிக்கொடுத்தது. அங்கே நாகரிகமானவர்கள் இப்போது அதைத்தான் குடிக்கிறார்களாம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் பன்னீர்த் திராட்சையில் சர்க்கரையும் கிராம்பும் போட்டு வைப்பார்களே, அதெல்லாம் பட்டிக்காடாம். இதில் எதுவும் போடக் கூடாது. பச்சைத் திராட்சையைத் தோலோடு பிசைந்து இருட்டில் வைத்துவிட வேண்டும். அந்தத் தோல்தான் ஆரஞ்சு நிறத்தைக் கொடுக்கும்.

"திறந்து திறந்து பாக்காதக்கா. அது தானா ஆகும். பிள்ளையையும் அப்படித்தான் வளக்கணும்" என்றாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. நாய் இருக்கிறது. அதற்கு ட்ரெயினர் வைத்திருக்கிறாள்.

நான் ஜோவிட்டாவுக்குத் திராட்சையையே தோலுரித்துக் கொடுத்தவள். ஜாடியைக் காலையில் திறந்து பார்த்தேன், மத்தியானம் திறந்து பார்த்தேன். ஜோவிட்டாவின் கதவையும் அப்படியே.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் இதுவரை யாரும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தேன். ஒயினுக்கு அனுமதி கேட்கப் போனேன். நான் கான்வென்ட்டில் படித்தவள். அங்கே தண்ணீர் குடிக்க அனுமதி, தும்மினால் மன்னிப்பு. கேட்காமல் ஒரு காரியம் செய்தால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அலுவலகத்தின் பெயரை எழுதப் பயமாக இருக்கிறது. உரிய அதிகாரியாக நல்லுசாமி வீற்றிருந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். மரியாதையாகவே மறுப்பவர்.

"ஏனுங்க, ஆரஞ்சு எங்க வாங்குனீங்க?"

"ஆரஞ்சு இல்ல சார். திராட்சை."

"திராட்சையை ஆரஞ்சுன்னு சொல்றது தனிக் குத்தமுங்க. சரி, காய்ச்சுனது யாரு?"

"யாரும் காய்ச்சல சார். தானா ஆகுது."

"அனுமதி இல்லாம எப்படிங்க தானா ஆகும்?"

"அதைக் கேக்கத்தான் சார் வந்தேன்."

நல்லுசாமி மின்விசிறியைப் பார்த்து நெடுநேரம் யோசித்தார். "நீங்க கேக்கக் கூடாதுங்க. ஆகுறது யாரோ, அவங்கதான் விண்ணப்பிக்கணும். திராட்சையைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"எப்படிய்யா போடும்? அதான் இந்தம்மா பிசைஞ்சுருச்சே" என்றார் உதவியாளர் ராக்கம்மாள்.

"அப்ப கைநாட்டும் முடியாதுங்களா?" அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு வாங்க."

மறுநாள் உத்தரவு தயாராக இருந்தது. "மேற்படி ஜாடியில் உள்ள பொருள், ஆய்வு முடியும் வரை, எந்நிலையில் உள்ளதோ அந்நிலையிலேயே இருக்கக் கடவது. தானாகவோ பிறர் தூண்டுதலாலோ மேற்கொண்டு மாறக் கூடாது."

படித்ததும் சிலுவை போட்டுக்கொண்டேன். தினமும் மாதாவிடம் நான் மன்றாடுவது இதைத்தான். அரசாங்கம் அதை டைப் அடித்தே வைத்திருக்கிறது!

"சார், இதுல இன்னொரு பேரு சேக்க முடியுமா? என் மக. அதே ரூம்லதான் இருக்கா. அவளும் தானாத்தான் ஆகிட்டு வர்றா."

"ஒரே அறைன்னா தாராளமாச் சேக்கலாமுங்க." மற்றும் ஜோவிட்டா, வயது பத்து என்று எழுதி முத்திரை குத்தினார். ஏனோ அவர் கை முத்திரையின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது.

உத்தரவை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சம்பந்தப்பட்ட இருவருமே அதை மதிக்கவில்லை. ஜாடி முன்னைவிடச் சத்தமாகக் களுக்கியது. ஜோவிட்டாவின் யூனிபார்ம் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆய்வுக்கு வந்தார்கள். மீறல் இருந்தால் அறையைப் பூட்டி சீல் வைக்க, ஒரு பையில் தாழ்ப்பாள், பூட்டு, ஸ்க்ரூடிரைவர்.

"தட்டிட்டு வாங்க" என்றாள் ஜோவிட்டா. தட்டினார்கள். அதிகாரமாகச் சொன்னால் அவர்கள் யாருக்கும் கட்டுப்படுகிறார்கள்.

ஜாடியைத் திறந்ததும் அறை முழுக்க ஆயக்குடி கொய்யா வாசம். பச்சை போய், கண்ணாடி கிளாஸில் வெயில் பட்ட கடுந்தேநீர் நிறம்.

"மாறியிருக்குங்க. ஆனா ஒயினாத்தான் மாறியிருக்குதான்னு குடிச்சாத்தானுங்க தெரியும்" என்றார் நல்லுசாமி. ஒரு ஸ்பூன் குடித்தார். தெரியவில்லை. ஒரு டம்ளர் குடித்தார். சந்தேகம் வலுத்தது. ராக்கம்மாள் மறு ஆய்வில் இறங்கினார்.

"செத்த நேரம் ஆகும்யா. அம்புட்டு லேசுல சொல்லிற முடியாது."

சாட்சி என்ற முறையில் எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. முதலில் புளிப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்லிய துவர்ப்பு, கடைசியில் அந்தக் கொய்யா. தோலோடு இருந்ததால் வந்த ருசி. சுவரில் பல்லி தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பார்த்துச் சிரித்தேன்.

அடுத்து ஜோவிட்டாவை நிலைக்காலில் நிறுத்தி, போன வருஷத்துப் பென்சில் கோட்டோடு ஒப்பிட்டார்கள்.

"இதுவும் மாறிருச்சுங்க" என்ற நல்லுசாமியின் குரல் உடைந்தது. "என்ற பையன் கோயமுத்தூர்ல படிக்கிறானுங்க. லீவுக்கு வந்தா ரூமைச் சாத்திக்கிறான். சோறு வேணுமான்னு வாட்ஸ்அப்புல கேக்குறேன். புளூ டிக் வருது. பதில் வர்றதில்லீங்க."

ராக்கம்மாள் மூக்கைச் சிந்தினார். "அய்யா, எம் மகளுக்கும் இதே மாதிரி ஒரு உத்தரவு போட்ருங்க. கல்யாணம் முடிஞ்சிருச்சு. அதுக்கு முந்துன தேதி போட்டுக் குடுங்கய்யா."

அழுது முடித்தபோது ஜாடியில் வெறும் தோல்தான் இருந்தது. சான்றுப் பொருள் தீர்ந்துவிட்டபடியால், உத்தரவில் மீதி ஜோவிட்டா மட்டுமே. விதிப்படி அறைக்குச் சீல்.

நல்லுசாமிக்கு எழுந்து வெளியே போகத் தெம்பில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கதவை இழுத்து, கைக்கு எட்டிய பக்கத்தில் தாழ்ப்பாளை முடுக்கினார். திருகாணிகளை எடுத்துக் கொடுத்தது ஜோவிட்டா. கடைசித் திருகாணியைக் கொடுத்துவிட்டு, "முடிஞ்சுதா சார்? எல்லாரும் வெளிய போங்க. எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு" என்றாள். ஜாடியையும் என் கையில் கொடுத்து அனுப்பினாள்.

வெளியே வந்து பூட்டைக் கையில் எடுத்த பிறகுதான், அதை மாட்ட இந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்பது அரசின் கவனத்துக்கு வந்தது.

"கண்ணு, கொஞ்சம் உள்ள வரணுமே. ஸ்க்ரூடிரைவர் உள்ள இருக்குது" என்றார் நல்லுசாமி.

உள்ளே நோட்டின் பக்கம் புரண்டது. அவர் என்னைப் பார்த்தார். ராக்கம்மாளும் பார்த்தார். வேறு வழியில்லாமல், என் வீட்டில், என் மகளின் கதவை நான் தட்டினேன்.

"ஜோவி, அம்மா உள்ள வரலாமா?"

கதவு ஒரு விரற்கடை திறந்தது. ஜாடியைக் கட்டிக்கொண்டு நின்ற என்னையும் அந்த இருவரையும் அவள் நிதானமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன்.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு வாங்க" என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.