குசினிச் சுவரை உடைத்த “இல்ல”

எங்கள் வீட்டில் சமையல் நடக்கிற குசினியின் கடற்பக்கச் சுவரில் இரண்டடிச் சதுரத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. வருகிறவர்கள் நல்ல காற்று என்று மெச்சிவிட்டுப் போவார்கள். ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பில் நான் சொன்ன ஒற்றைச் சொல்லால் உடைந்த சுவர் அது என்பது அவர்களுக்குத் தெரியாது.

அப்போது நான் நாளுக்கு மூன்று சிகரெட் குடிப்பேன். தொழில், கணித ஆசிரியர். பாடசாலையில் புகையிலைக்கு எதிரான உறுதிமொழியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் கொடுக்கிற பொறுப்பும் என்னுடையதுதான். (குரல் கனமாக இருக்கிறது என்று அதிபர் என்னைத் தெரிவுசெய்தார். ஏன் கனத்தது என்று அவர் விசாரிக்கவில்லை.) மருதமுனையில் எனக்குத் தெரிந்த முகம் இல்லாத சந்து கிடையாது. ஆகவே பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, மீன் வாங்கப் போவதாகச் சொல்லி, பக்கத்து ஊரான பெரியநீலாவணைக் கடற்கரைக்குப் போவேன். தோணி மறைவில் மூன்று சிகரெட். பிறகு வாய்க்குள் நான்கு கராம்பு, சட்டையில் அத்தர், கையில் மீன். என் மனைவி ரிஸ்மியாவின் வாப்பா, அதாவது என் மாமா, ஒரு காலத்தில் கடலுக்குப் போன மனிதர். மருமகனுக்கு மீன் பார்க்கத் தெரியும் என்று பள்ளிவாசல் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குத்தான் போவான். நானும் அப்படித்தான் போனேன். சுனாமிக்குப் பிறகு மாமா மேசனோடு சேர்ந்து தானும் கல் சுமந்து, மகளுக்கென்று கட்டிய வீடு அது. கடற்பக்கம் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. சமைக்கிற நேரம் கடலைக் கண்டு பிள்ளை பயப்படக் கூடாதாம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், நான் மீனோடு வந்து நின்ற கையோடு, கணக்கெடுப்புக்கென்று கலைவாணி என்ற பிள்ளை பாண்டிருப்பிலிருந்து வந்தாள். வீட்டுக்கு ஒருவரைத்தான் கேட்பார்களாம். அந்த ஒருவரை அவள் கையிலிருந்த டெப்லட்டே தெரிவுசெய்யுமாம். அது என்னைத் தெரிவுசெய்தது.

“சேர், தனியக் கதைக்க ஒரு இடம் இருந்தா நல்லம்,” என்றாள்.

“எங்கட வீட்டில ஒளிவு மறைவு இல்ல தங்கச்சி. இஞ்சயே கேளுங்க.”

இப்படிப் பெருமையடித்த என்னை இன்றைக்குக் கண்டால் நானே காதைப் பிடித்துத் திருகுவேன். மாமா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ரிஸ்மியா குசினி வாசலில் சாய்ந்து நின்றாள். பத்தாம் ஆண்டு படிக்கிற மகள் ஹனா விஞ்ஞானப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து என் பக்கத்திலேயே குந்தினாள்.

மரக்கறி, உப்பு என்று கேள்விகள் போயின. நாளுக்கு ஒரு மணித்தியாலம் நடப்பதாகச் சொன்னேன். ரிஸ்மியா இருமினாள். அரை மணித்தியாலமாகக் குறைத்தேன். அடுத்தது சிகரெட் பாவிப்பீர்களா என்ற கேள்வி. “இல்ல” என்றேன். முந்தி எப்போதாவது? “இல்லவே இல்ல தங்கச்சி” என்று சிரித்தேன். அதற்கடுத்து மதுபானம். அதைக் கேட்டதும் கதிரையை விட்டு எழும்பியே விட்டேன். முஸ்லிம் வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று சத்தம் போட்டேன். எல்லா வீட்டிலும் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாவம் அவள் மன்னிப்புக் கேட்டாள். நான் என் ஆயுளில் ஒரு சொட்டும் குடித்ததில்லை. ஆக, உண்மை சொன்ன கேள்விக்குக் குதித்தேன், பொய் சொன்ன கேள்விக்கு இனிக்க இனிக்கச் சிரித்தேன்.

கேள்விகளோடு போயிருந்தால் நாட்டின் புள்ளிவிபரம்தான் கொஞ்சம் கெட்டிருக்கும். அவள் பையிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு கருவியை எடுத்து, மூச்சைப் பிடித்து இதற்குள் ஊதுங்கள் சேர் என்றாள். எதற்கு என்று கேட்காமல் ஊதினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அது போதாதென்று கீ கீ என்று கத்தவும் செய்தது.

கலைவாணி கருவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் மனைவியையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டு ஒரு வழி திறந்துவிட்டாள்: “விறகடுப்புப் புகைக்கும் சில நேரம் கூடக் காட்டும் சேர்.”

“அதுதான்,” என்றேன். “காஸ் விலை ஏறினதிலிருந்து விறகடுப்புத்தான் தங்கச்சி.”

அவள் போன பிறகு ஹனா எங்களுக்குப் பாடம் எடுத்தாள். புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு இருக்கிறதாம், கருவி பிடித்தது அதைத்தானாம். நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளை அப்படியே அமத்திவிடுமாம். ரிஸ்மியா கையிலிருந்த அகப்பையோடு கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க குசினிக்குள்ள கால் வைக்கிறதே இல்ல. உங்களுக்கே இவ்வளவெண்டா, மூணு நேரமும் அடுப்ப ஊதுற எனக்கு?”

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஹனாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அதுவும் தன் அடுப்பால் வந்ததுதான் என்று முடிவுகட்டினாள். மூன்றாம் நாள் லுஹர் தொழுத பாயிலேயே இருந்துகொண்டு, “நான் மௌத்தாகிட்டா உங்கட லாத்தா ஹனாவ நல்லாப் பார்ப்பாவா?” என்று என் அக்காவைப் பற்றிக் கேட்டாள்.

நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த அழுகை அந்த இடத்திலேயே நின்றிருக்கும். அதைச் சொல்லாமல் மேசனைக் கூட்டிவந்தேன்.

சுவரை உடைக்கப் போகிறோம் என்றதும் மாமா கேட்டது ஒன்றுதான். “நான் கட்டினதில பிழையா மகன்?” காற்றுப் போக வழியில்லை மாமா என்றேன். சுவரை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போனார். சுத்தியல் சத்தம் ஓயும் வரை வரவில்லை. (அவர் இல்லாத நேரம் நான் எங்கே போனேன் என்று கேட்காதீர்கள். அன்று நான்கு.)

அடுத்த கிழமை கலைவாணி திரும்ப வந்தாள். சில வீடுகளுக்கு இரண்டாம் முறை போய் அதே கேள்விகளைக் கேட்பார்களாம், பதில் மாறுகிறதா என்று பார்க்க. அவள் செருப்பைக் கழற்று முன்னமே ரிஸ்மியா கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் ஊதிப் பார் தங்கச்சி, எவ்வளவு நஞ்சு ஏறியிருக்கிறதென்று சொல் என்று கெஞ்சினாள். விதிப்படி முடியாது என்று தயங்கிய கலைவாணி, அவள் கண்ணைக் கண்டு புதுக் குழாய் ஒன்றை மாட்டிக் கொடுத்தாள்.

ரிஸ்மியா பிஸ்மி சொல்லி ஊதினாள். பச்சை விளக்கு.

ஹனா ஊதினாள். பச்சை. மாமாவும் ஊதினார். அந்த வயதிலும் பச்சை.

ரிஸ்மியா அல்ஹம்துலில்லாஹ் என்று சிரித்தாள், அழுதாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப, நீங்க மட்டும் எந்தக் குசினியில இருந்தீங்க?”

முன் ஹோலில் நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால், புதிதாக உடைத்த சுவர் வழியே கடலும் பார்த்தது.

“பெரியநீலாவணையில,” என்றேன்.

மாமாவுக்குத்தான் முதலில் விளங்கியது. “அப்ப மீன்?” என்றார். நான் தலையைக் குனிந்தேன். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, “அப்ப சுவர்?” என்றார். அதற்கு என் தலை இன்னும் இறங்கியது. ரிஸ்மியா குசினிக்குள் போனாள். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

அன்று கலைவாணியை வாசல் வரை வழியனுப்பப் போனபோது, எனக்கிருந்த வெட்கத்தையும் மீறி ஒரு யோசனை வந்தது. ஊரில் என்னைப் போல எத்தனை பேர் சிரித்துக்கொண்டே “இல்ல” என்றிருப்பார்கள்? அவளிடமே கேட்டேன்.

“எனக்கும் அதுதான் சேர் விளங்கல்ல. போற வீட்டில எல்லாம் ஒருத்தரும் குடிக்கிறல்ல. பின்னேரமானா கடையில சிகரெட் முடிஞ்சிருது. ஆர் வாங்குறாங்களோ,” என்றாள். பிறகு டெப்லட்டைத் திருப்பிக் காட்டினாள். பதில் சொல்லும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு கேள்வி. என் பதில்களுக்குக் கீழே மனைவி, மகள், மாமனார் என்று மூன்று சரி போட்டிருந்தாள். என் “இல்ல”வின் பெறுமதி அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

“அந்தக் கேள்விய இப்பத் திரும்பக் கேட்கட்டா சேர்?”

படலைக்கு வெளியே, தனியாக நின்று, மூன்று என்றேன். கணித ஆசிரியனுக்கு ஓர் எண்ணைச் சொல்ல அவ்வளவு வியர்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு வருடம் போய்விட்டது. உடைத்த இடத்தை அடைக்கலாமா என்று கேட்டபோது மாமா வேண்டாமென்றார். நிலையும் கதவும் போட்டு, பின்னேரங்களில் அதனடியில்தான் இருக்கிறார். கடலையும் பார்த்துக்கொள்கிறார். ரிஸ்மியா சிரிக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் பாயில் இருந்துகொண்டு அன்றைக்கு அவள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. ஹனா லேசாக இருமினாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

எங்கள் வீட்டில் இப்போது யாராவது “இல்ல” என்று கொஞ்சம் வேகமாகச் சொன்னால், வட்டிலப்பத்தைத் தின்றது யார் என்ற விசாரணையாக இருந்தாலும் சரி, மாமாவிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். போன கிழமையும் வந்தது. ஹனா திடீரென்று, “வாப்பா, முழுசா நிப்பாட்டிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“ஓம் மகள்,” என்றேன்.

ஜன்னலடியில் கண்ணை மூடிக் கிடந்த மாமா, கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “மேசனுக்குச் சொல்லவா?”

“கிழமைக்கு ஒண்டு,” என்றேன்.