இருபது லிட்டர் வீரம்

கோகுல்நாத் நிறையக் கொள்கைகள் வைத்திருந்து, கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கைவிட்டவன். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. கக்கூஸ் கழுவ மாட்டான்.

புனேயின் மகர்பட்டாவில் ஒன்பதாவது மாடியில் வீடு. இரண்டு படுக்கையறை, இரண்டு பாத்ரூம். வேலைக்கு வரும் ஷபானா பெருக்குவாள், துடைப்பாள், பாத்திரம் தேய்ப்பாள். பாத்ரூம் கதவு வந்தால் மட்டும் அது தன் எல்லை இல்லை என்று திரும்பிவிடுவாள். புனேயில் பாதி வீடுகளில் இதுதான் நடைமுறை. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆசிட் பாட்டிலும் பிரஷ்ஷுமாக உள்ளே போவது அவன் மனைவி பானுதான். ஒரு வாரம் அவன், ஒரு வாரம் தான் என்று வைத்துக்கொள்ளலாமே என்று ஆறு வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். கோயமுத்தூரில் தங்கள் குடும்பத்து ஆண்கள் யாரும் அந்தப் பிரஷ்ஷைத் தொட்டது கிடையாது என்று, ஏதோ தாத்தா வாங்கிய தோட்டத்தைப் பற்றிச் சொல்வது போல அவன் பெருமையாகச் சொல்வான்.

பானு புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மராத்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோகுல்நாத்துக்கோ புனேக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியும் உடைந்த ஹிந்திதான். யாராவது மராத்தியில் ஆரம்பித்தால் உடனே மனைவியின் முகத்தைப் பார்ப்பான். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் அவனுக்கு மராத்தி.

மூன்று நாள் லீவு சேர்ந்து வந்தபோது, படுக்கையும் அடுப்பும் வைத்த வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஜுன்னர் பக்கம் ஒரு பண்ணையில் போய்த் தங்கலாம் என்றாள் பானு.  கோகுல்நாத்துக்குப் பல்லி என்றாலே ஆகாது. ஜுன்னர் என்றால் சிறுத்தை. கரும்புக் காட்டிலிருந்து சிறுத்தை எட்டிப் பார்க்கும் வீடியோ ஒன்று ஆபீஸ் குரூப்பில் வந்ததிலிருந்து அவன் கரும்பு ஜூஸ் குடிப்பதையே நிறுத்தியிருந்தான். வேனில் கக்கூஸ் வேறு இல்லை. ஆனால் பயமாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது?

யோசித்து யோசித்து, கடைசியில் கையில் தூக்கிப் போகிற கக்கூஸ் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தான். மேல்பாதி உட்காருவதற்கு. கீழ்பாதி இருபது லிட்டர் தொட்டி. அதில் நாற்றத்தை அடக்க ஒரு நீல மருந்து. பக்கத்தில் சின்னதாக ஒரு கண்ணாடி. இடம் இருந்தால் பச்சை காட்டும், நிறைந்துவிட்டால் சிவப்பு. சுற்றிலும் மறைப்புக்கு ஆளுயரத் துணிக் கூடாரம். ஐம்பது தடவை தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.

"உனக்காகத்தான் பானு வாங்குனேன். பொம்பளைங்க வெளியில போக முடியுமா? எனக்கெதுக்கு இதெல்லாம்? நான் கேனைத் தூக்கிட்டுப் புதருப் பக்கம் போயிருவேன்."

"யாருங்க கழுவுறது?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவன் காத்திருந்தான். யார் உபயோகிக்கிறார்களோ அவர்கள்தான் கழுவ வேண்டும், அதுதானே நியாயம் என்றான். நியாயம்தான் என்று பானுவும் தலையாட்டினாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

அவன் கணக்கு சுலபமானது. புதருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ரகசியமாகக் கூடாரத்துக்குள் நுழைந்துகொள்வது. எப்படியும் பானுவும் அதைத்தான் உபயோகிக்கப் போகிறாள். தொட்டியில் யார் பங்கு எவ்வளவு என்று யாரால் பிரித்துப் பார்க்க முடியும்? வீரமும் நிற்கும், கொள்கையும் நிற்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பண்ணைக்காரி தேஜஸ்வினி வேனுக்கே வந்து வரவேற்றாள். வீட்டுக்குப் பின்னாலிருந்த மூங்கில் புதரைக் காட்டிக் காட்டி மராத்தியில் நீளமாக என்னவோ சொன்னாள். கோகுல்நாத் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"சிறுத்தை நடமாட்டம் இருக்குதாங்க" என்றாள் பானு. "அந்த மூங்கிப் புதருப் பக்கம்தானாம். காலையிலயும் சாயங்காலமும் பார்த்துப் போகச் சொல்றாங்க."

 இதைச் சொல்லும்போது தேஜஸ்வினி ஏன் சிரித்தபடியே சொன்னாள் என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. காட்டோரம் வாழ்கிறவர்களுக்கு நெஞ்சுரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டான்.

"நீங்களும் டெண்டுலயே போயிடுங்களேன்" என்று பானு கரிசனமாகச் சொன்னாள்.

"வால்பாறையில பார்க்காத சிறுத்தையா?" என்றான் கோகுல்நாத். வால்பாறைக்கு அவன் ஒரே ஒரு தடவை போயிருக்கிறான். அன்றைக்கும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

சாயங்காலம் ஐந்து லிட்டர் கேனை நிரப்பிக்கொண்டு, பானுவின் காதில் விழும்படி இரண்டு செருமல் செருமிவிட்டுப் புதரை நோக்கி நடந்தான். பத்தடி போனதும் குனிந்து, வேனுக்குப் பின்புறமாக வந்து, கூடாரத்துக்குள் நுழைந்து ஜிப்பை இழுத்துவிட்டான். அந்தக் கக்கூஸ் காகிதத்தால் துடைத்துக்கொள்கிற ஜனங்களுக்காகச் செய்தது. பொத்தானை அமுக்கினால் ஒரு டம்ளர் தண்ணீர்தான் வரும். கோயமுத்தூர்க்காரனுக்கு அது கை நனைக்கவே காணுமா? கேன் தண்ணீர் முழுவதையும் உள்ளே ஊற்றிவிட்டுத்தான் எழுந்தான். பெட்டியில் போட்டிருந்த ஐம்பது எந்த ஊர் ஐம்பது என்று அவன் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில், அவன் உள்ளே உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, கூடாரத்துக்கு வெளியே ஏதோ மூச்சுவிட்டது. கனத்த மூச்சு. பிறகு வேனின் மேல் எதுவோ உடம்பைத் தேய்க்கும் சத்தம். கோகுல்நாத் இரண்டு காலையும் தூக்கிக் கக்கூஸின் மேலேயே வைத்துக்கொண்டான். சுற்றிலும் இருப்பது வெறும் துணி. சிறுத்தைக்கு இது இலையில் கட்டிய பொட்டலத்தைப் பிரிப்பது மாதிரி. மருதமலை முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டான். அரை மணி நேரம் பொத்தானைக்கூட அமுக்கவில்லை. வெளியே வந்து பார்த்தபோது ஒன்றும் இல்லை. ஈர மண்ணில் ஏதோ தடம் இருந்தது. உற்றுப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பானு தூக்குப் பாத்திரத்தோடு பண்ணை வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். சிறுத்தை நடமாடுகிற இடத்தில் தனியாகப் போனாயா என்று பதறினான். பால் வாங்கப் போனதாகவும், தேஜஸ்வினி தடியோடு பாதி வழி வந்து கூட்டிப்போனதாகவும் சொன்னாள். பால் வாங்க முக்கால் மணி நேரம் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அவள் தலை ஈரமாக இருந்ததையும் கவனிக்கவில்லை.

மத்தியானம் தேஜஸ்வினி பாக்ரி ரொட்டியும், பச்சை மிளகாயை இடித்துச் செய்த தேச்சாவும் கொடுத்தனுப்பினாள். வீரத்தை நிலைநாட்ட அதை இரண்டு கரண்டி கூடுதலாகத் தின்றான். அதன் பலனாக அன்றைக்கே இன்னும் இரண்டு தடவை கேனைத் தூக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் செருமல், பத்தடி நடை, குனிந்த ஓட்டம், ஐந்து லிட்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தேச்சா இன்னும் அடங்கவில்லை. அவசரமாகக் கூடாரத்துக்குள் நுழைந்து ஜிப்பை இழுத்தவன் கண்ணாடியைப் பார்த்தான்.

சிவப்பு.

 இன்னும் ஒரு சொட்டு விழுந்தாலும் மேலே வரும். உள்ளே உட்கார முடியாது. வெளியே சிறுத்தை. அடிவயிறு வேறு கெடு வைத்துவிட்டது. ஜன்மத்தில் அவன் இப்படிப் பயந்ததில்லை. முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, பானுவும் தேஜஸ்வினியும் டீயோடு எதிரே வந்தார்கள்.

தாக்குவதுதான் தற்காப்பு என்று தோன்றியது. "பானு, டேங்க் நெறைஞ்சிருச்சு. எடுத்துக் கழுவு. பேச்சுன்னா பேச்சுதான்" என்றான்.

"நான் அந்த டெண்டுக்குள்ள காலே வைக்கலியே."

"நீ வைக்காம? நான் புதருக்கில்ல போனேன்?"

"சிறுத்தை இருக்கிற புதருக்கா?"

"ஆமா. சிறுத்தை இருந்தும்தான் போனேன். இவங்களையே கேளு." பானுவை நம்பாமல் அவனே ஹிந்தியில் கேட்டான். இங்கே சிறுத்தை நடமாட்டம் இருக்கிறதுதானே?

தேஜஸ்வினிக்கு ஒன்றும் புரியவில்லை. நாலு வருஷமாக இந்தப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று அவளும் ஹிந்தியில் சொன்னாள். விடிந்ததும் வேனில் உரசிக்கொண்டு நிற்பது தங்கள் எருமைதான், மன்னிக்க வேண்டும் என்றாள். மூங்கில் புதருக்குப் பின்னால் விருந்தாளிகளுக்கென்று பாத்ரூம் கட்டி, வெந்நீரும் வைத்திருப்பதாக முதல் நாளே சொன்னோமே, அக்கா தினமும் அங்கேதான் வந்து குளித்துவிட்டுப் போகிறாள், சாஹேப்பை மட்டும்தான் காணவில்லை, அவர் எங்கே போகிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் கவலையாக இருந்தது என்று முடித்தாள்.

கோகுல்நாத் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் கையில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை இருந்தது. வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள். அவன் அளவு.

அதட்டிக் கேட்க ஆயிரம் இருந்தது. ஆனால் வயிறு ஒரு நிமிஷம்கூடத் தருவதாக இல்லை. மூங்கில் புதரை நோக்கி ஓட எத்தனித்தவனைப் பானு கூப்பிட்டு நிறுத்தினாள்.

"போறதுதான் போறீங்க, வெறுங்கையோட ஏன் போறீங்க?"

இருபது லிட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோகுல்நாத் அந்த வயல் வரப்பில் போன நடையை ஜுன்னர் பக்கம் யாரும் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். வேகமாகவும் போக வேண்டும், தளும்பவும் கூடாது. பின்னாலேயே பானு வந்து, ஊற்றும்போது ஓரத்துப் பொத்தானை அமுக்கிக்கொள்ளாவிட்டால் முகத்தில் அடிக்கும் என்று எச்சரித்தாள். அட்டைப்பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தை அவள் ஒரு வரி விடாமல் படித்திருந்தாள். எருமை தலையைத் தூக்கி அவனைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது.

முதலில் தன் வேலையை முடித்தான். பிறகு தொட்டியைக் காலிசெய்தான். எங்கே வாடை ஒட்டிக்கொண்டு வேன் முழுக்க வருமோ என்ற பயத்தில், ஒரு தடவைக்கு நாலு தடவை தேய்த்துக் கழுவினான். பாத்ரூமில் இருந்த பிரஷ் அவன் கையில் தானாகச் சுழன்றது. வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, ஆறு வருஷக் கொள்கை நீலத் தண்ணீரோடு போய்விட்டது அவனுக்கே தெரிந்தது. 

பானு குனிந்து தொட்டியை உள்ளும் புறமும் பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். முகத்தில் நிஜமான சந்தோஷம்.

"கண்ணாடியாட்டம் இருக்குதுங்க. வீட்டுல இருக்கிற ரெண்டையும் இப்படித் தூக்கிட்டு நடக்கக்கூட வேணாம். இருக்கிற இடத்துலயே கழுவிடலாம்."